இஸ்லுவின் பிராசரின் வெல்வெட் தொப்பி

வேல்ஸ் நாட்டு ஸ்நூக்கர் அணியில் இஸ்லுவின் பிராசர் பதினோரு வருஷமாக இருந்தார். மேஜைமேல் பந்துகளைக் கோலால் குழியில் தள்ளுகிற ஆட்டம் அது. மாற்று ஆட்டக்காரர் என்று காகிதத்தில் பெயர் இருக்கும். வேலை என்னவோ அணியின் வேனை ஓட்டுவதுதான். வாரத்தில் ஆறு நாள் பள்ளத்தாக்குச் சாலையில் பஸ் ஓட்டுகிறவர், ஏழாம் நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழித்தார். கிளாஸ்கோ, டப்ளின் என்று போன ஊரிலெல்லாம் அவர் நெருங்கிய மேஜை, தேநீர் வைத்த மேஜை ஒன்றுதான்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு தொப்பி. நாட்டுக்காக ஓர் ஆட்டம் ஆடியவனுக்குச் சிவப்பு வெல்வெட்டில் தங்கக் குஞ்சம் வைத்துக் கொடுப்பார்கள். ஜெயித்தாலும் உண்டு, தோற்றாலும் உண்டு. ஆடாதவனுக்கு மட்டும் கிடையாது. முதல் வருஷமே அதை மாட்ட வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து வைத்தார். அவர் மனைவி நெஸ்டா அதைத் துடைத்துத் துடைத்தே அலுத்துப்போனாள்.

"ஏங்க, தொப்பி வர்ற வரைக்கும் அந்த ஆணியில என் குடையையாவது மாட்டிக்கிறேனே?"

"மாட்டிக்க. ஆனா வந்ததும் எடுத்துரணும்."

"வரட்டும், எடுக்கிறேன்."

குடை பதினோரு வருஷம் அங்கேயே தொங்கியது.

அணிக்கு ஐந்து பேர், ஐந்து ஆட்டம். மூன்றை ஜெயித்த அணிக்கு வெற்றி. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டாலும் டிக்கெட் வாங்கியவர்களுக்காக ஐந்தாவது ஆட்டத்தை ஆடியே தீருவார்கள். அப்படிப்பட்ட வெற்று ஆட்டத்தை மாற்று ஆட்டக்காரருக்குக் கொடுப்பதுதான் போட்டியில் ஆடுகிற நாலு நாட்டிலும் வழக்கம். ஆனால் பழைய கேப்டன் அதைத் தன் மச்சானுக்கே கொடுத்துவந்தார். இஸ்லுவின் தனக்கென்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கூச்சம். அதைப் பெருந்தன்மை என்று ஊரார் சொன்னதை அவரும் மறுக்கவில்லை.

அந்த மச்சானோடு பழைய கேப்டனும் ஒழிந்து, ஹேடன் போவன் கேப்டனானார். எண்பத்தேழில் போர்த்கால் கடற்கரை ஊரில், ஞாயிறு மதியம், இறுதிப் போட்டி. எதிரே ஸ்காட்லாந்து. மூன்று ஆட்டம் முடிந்தபோது வேல்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்றது.

"யோவ் இஸ்லுவின், இந்த நாலாவது மட்டும் நம்ம பக்கம் வரட்டும். அடுத்தது உனக்குத்தான்," என்றார் ஹேடன். "கோலைத் தொடச்சு வை. பாசி கீசி புடிச்சிருக்கப் போகுது."

கோலைத் துடைக்க இஸ்லுவினுக்கு நேரமில்லை. புள்ளிப் பலகையில் எண் மாற்றுவது மாற்று ஆட்டக்காரர்களின் வேலை, நாலாவது ஆட்டத்துக்கு அது அவர் முறை. வேல்ஸுக்கு ரோட்ரி என்ற இளைஞன் ஆடினான், ஸ்காட்லாந்துக்கு மர்டோ என்ற மீன் வியாபாரி. கடைசி நாலு பந்துகள் மேஜையில் இருந்தன: பழுப்பு, நீலம், ரோஜா, கறுப்பு. எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு புள்ளி. பலகையில் ரோட்ரிக்கு அறுபத்தொன்று, மர்டோவுக்கு முப்பத்தெட்டு. இருபத்திமூன்று வித்தியாசம். மர்டோ பலகையைப் பார்த்தார், தலையை ஆட்டினார், தோல்வியை ஒப்புக்கொண்டு ரோட்ரியை நோக்கிக் கையை நீட்டினார்.

ஐந்தாவது ஆட்டக்காரரின் பெயரைச் சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்கவேண்டும். கொடுத்த சீட்டைத் திருப்பி வாங்க முடியாது. ஹேடன் அதைச் சட்டைப் பையிலேயே தயாராக வைத்திருந்தார். மர்டோவின் கை நீண்டதுமே சீட்டை நடுவர் கையில் திணித்துவிட்டு, இஸ்லுவினைப் பார்த்துக் கண்ணடித்தார்.

இஸ்லுவின் பதிலுக்குச் சிரிக்கவில்லை, பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் ரோட்ரி நீலத்தைக் குழியில் தள்ளியபோது அடிக்கிற வெள்ளைப் பந்தும் கூடவே விழுந்து தவறானது; நீலத்தை மறுபடி மேஜையில் எடுத்து வைத்தார்கள். மர்டோவுக்குத் தண்டப் புள்ளி ஐந்தைச் சரியாகத்தான் போட்டார். ஆனால் நீலம் விழுந்த வேகத்திலேயே, தொப்பி நினைப்பில், ரோட்ரிக்கும் ஐந்து ஏற்றிவிட்டிருந்தார். ரோட்ரியின் உண்மையான கணக்கு ஐம்பத்தாறு. மர்டோவால் இன்னும் ஜெயிக்க முடியும். நடுவரும் கவனிக்கவில்லை, யாருமே கவனிக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கோப்பை வேல்ஸுக்கு, தொப்பி தலையில்.

பலகையின் சட்டத்தை அவர் எவ்வளவு நேரம் இறுக்கிப் பிடித்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. ரோட்ரி கை கொடுக்க எழுந்து வந்துகொண்டிருந்தான்.

"கை குடுக்காத தம்பி. பலகை தப்பு. அஞ்சு கூட ஏத்திட்டேன், நான்தான்."

நடுவர் யோசித்துப் பார்த்து ஆமென்றார். ஒப்புக்கொண்ட தோல்வியை ஏற்பதும் மறுப்பதும் எதிராளியின் உரிமை. ரோட்ரி நீட்டிய கையைப் பையில் போட்டுக்கொண்டான்.

"நான் ஏத்துக்கலண்ணே," என்றான் மர்டோவிடம். "நீங்க ஆடுங்க."

மர்டோ ஆடினார். பழுப்பு, நீலம், ரோஜா, கறுப்பு, வரிசையாக உள்ளே போயின. அறுபதுக்கு ஐம்பத்தாறு. ஸ்காட்லாந்தும் இரண்டு. கோப்பை இப்போது ஐந்தாவது ஆட்டத்தில் இருந்தது, நடுவர் கையிலிருந்த சீட்டில் இஸ்லுவின் பெயர் இருந்தது.

ஹேடன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவி, ரெண்டு நிமிஷம் கழிச்சாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரெண்டு நிமிஷம் கழிச்சிருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன், கேப்டன்."

ஹேடன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போ. பந்தைப் பாத்து அடி, எங்களைப் பாக்காத."

எதிரே வந்த ஃபெர்கஸ் ஸ்காட்லாந்தின் தலைசிறந்த ஆட்டக்காரர். இஸ்லுவின் குனிந்து முதல் பந்தை அடித்தார். பதினோரு வருஷம் ஓரத்தில் நின்று பார்த்ததெல்லாம் கைக்கு வந்தது. ரோஜா வரைக்கும் இழுத்தடித்தார். அவர் அடித்த ரோஜா குழியின் வாயில் நின்றுவிட்டது, ஃபெர்கஸ் அதையும் கறுப்பையும் போட்டுக் கோப்பையை எடுத்துப்போனார். தன்னால் வேல்ஸ் தோற்றதே என்று இஸ்லுவினுக்கு வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷமும் இருந்தது, அதை அவர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் வேன் கிளம்பியது. பின்னால் ஐந்து பேரும் உம்மென்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யோவ்," என்றார் ஹேடன், "அந்தத் தொப்பியக் கழட்டு. குஞ்சம் ஆடி ஆடிக் கண்ணாடிய மறைக்குது."

"ரோடு நல்லாத் தெரியுது, கேப்டன்."

ரோட்ரிதான் முதலில் சிரித்தான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள், கடைசியாக ஹேடனும்.

வண்டிச் சத்தம் கேட்டு நெஸ்டா கதவைத் திறந்தாள். தொப்பியைப் பார்த்தாள். ஆணியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.