முழங்காலுக்குக் கீழே ஒரு கட்டு

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா, அப்பா, நான் மூவரும் இருந்தோம். அம்மாவோடு ஒரே பட்டாசு செட்டில், அதாவது கொட்டகையில், வேலை பார்க்கும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் இருந்தார். இரத்தத்தைக் கண்டு பதறாத ஒரே ஆளான பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா மட்டும் இல்லை. அவருக்கு விருதுநகரில் டூட்டி இன்னும் முடியவில்லை.

அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தாள். மேசை முன்னால் நின்றபடியே வெடிகளைப் பெட்டியில் அடுக்க வேண்டும். சீசன் நேரத்தில் உட்கார வாய்க்காது. அவள் இடது காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்த நரம்புகளை நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே பார்த்து வந்தேன். எங்கள் தெருவில் பல பெண்களின் கால்கள் அப்படித்தான். யாரும் அதை நோயாக நினைக்கவில்லை.

எனக்கு மதுரையில் வேலை கிடைத்ததும் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலுக்கு வந்த இரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டும், அது கீழே வழியாமல் இருக்க இரத்தக் குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு என்றார் அவர். நாள் பூராவும் அசையாமல் நின்றால் கதவுகள் தளர்ந்துவிடும்; இரத்தம் தேங்கித் தேங்கிக் குழாய் வெளியே புடைக்கும். "நடந்தா கெண்டைக்கால் சதை பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும். நடக்க முடியலன்னா நின்ன இடத்துலயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. படுக்கும்போது காலுக்குக் கீழ தலகாணி வைங்க" என்றார். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கும் காலுறை ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார்.

அந்தக் காலுறை கம்பெனி வாசலைத் தாண்டவில்லை. "என்னக்கா, நைலானா? உரசிப் பொறி வந்தா நீங்க மட்டுமா போவீக? அம்புட்டுப் பேரும்ல போவோம்" என்று போர்மேன் கழற்றச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அங்கே உடம்பில் பருத்தி மட்டும்தான் இருக்கலாம்.

வேலையை விடு என்றேன். தீபாவளிக்கு முன்னால் வேலையிலிருந்து நின்றுவிட்டால் போனஸ் கிடையாது. அதனால் அம்மா, செட்டில் மற்றவர்கள் செய்வதையே செய்தாள். பழைய வேட்டியைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"ம்மா, அது ரத்தத்தை மேல ஏற விடாது."

"ஏலே, கட்டுனா வலி தெரியல. எனக்குப் பதிலா நீ வந்து நிக்கிறியா?"

பெரியம்மா சிரித்தார். "உன் வீட்டுல கந்தல் கட்டுறதுக்கும் பாடம் நடக்குதுடி."

நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்த அன்று சாயங்காலம், வேலை முடிந்து வந்த அம்மா குழாயடியில் கால் கழுவினாள். கணுக்கால் பக்கம் புடைத்திருந்த இடம் கல் விளிம்பில் லேசாக உரசியது. வலிக்கவே இல்லையாம். தண்ணீர் சிவந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். இரத்தம் நூல் பிடித்ததுபோலப் பீய்ச்சியடித்தது. அப்பா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து அவளை உட்கார வைத்தார். முழங்காலுக்குக் கீழே அவள் அவிழ்க்காமலே விட்டிருந்த கட்டைப் பெரியம்மா இன்னும் இறுக்கினார். நாற்காலிக்குக் கீழே இரத்தம் பரவியது. அம்மாவின் உதடு வெளுத்தது. "தரையைக் கழுவி விடணுமே" என்று அவள் முனகினாள்.

நர்ஸ் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"முதல்ல கட்டை அவுத்துப் போடு! நாற்காலி ஆகாது, தரையில படுக்க வை. காலைத் தூக்கி உன் தோள்மேல வச்சிக்க. ரத்தம் வார இடத்துல துணியை வச்சு அமுக்கு. எடுத்து எடுத்துப் பாக்காத."

"அவுத்தா மிச்ச ரத்தமும் போயிரும்லே!" என்று பெரியம்மா கத்தினார். அப்பா கட்டின்மேல் கையை வைத்து மறித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையைத் தட்டிவிட்டேன். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் கத்தியால்தான் அறுக்க முடிந்தது. அம்மாவைப் படுக்க வைத்துக் காலைத் தோளில் தாங்கி அமுக்கினேன். விரலுக்கு அடியில் சூடாக முட்டிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல அடங்கியது.

விருதுநகர் வரை காரில் அவள் கால் என் மடிமேல் உயர்ந்தே இருந்தது. இரத்தம் ஏற்றினார்கள். பிறகு மதுரையில் அந்த இரத்தக் குழாயை அடைத்து ஒரு ஆப்பரேஷன். உயிர் தங்கிவிட்டது. கணுக்கால் புண் மட்டும் இன்னும் ஆறவில்லை. அம்மா நின்ற மேசையில் இப்போது பெரியம்மா நிற்கிறார், காலில் அதே கட்டோடு. சொல்லிப் பார்த்துவிட்டேன். "சீசன் முடியட்டும்யா" என்கிறார்.

கார் வாடகை, ஆஸ்பத்திரி, மருந்து, கைக்கு வராமல் போன போனஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆனது ஐம்பத்து மூவாயிரத்து இருநூறு ரூபாய்.