நாங்கள் எடுத்த நடுத்தளம்

ஸ்காபரோவில் மூன்று குடும்பங்கள் இருக்கக்கூடிய பழைய வீடு ஒன்றை வாங்க எங்களுக்குத் தைரியம் தந்தது அரசாங்கக் காப்புறுதியுள்ள மோட்கேஜ், அந்த வீட்டுக் கடன்தான். முன்பணம் கொஞ்சம் போதும். மற்ற இரண்டு தளங்களின் வாடகை தவணைக்கு உதவும். முக்கிய நிபந்தனை, ஒரு தளத்தில் நாங்களே குடியிருக்க வேண்டும். இதைவிடச் சுகமான நிபந்தனை உண்டா என்று நானும் கணவரும் சிரித்துக்கொண்டோம். டோர்செட் பார்க் அடுக்குமாடியில் பதினொரு வருடம் லிஃப்டுக்குக் காத்து நின்றவர்கள் நாங்கள்.

வீடு பார்க்கப் போன அன்று நடுத்தளத்துக் கதவைத் திறந்தவள் ஒரு தமிழ்ப் பெண். வாடகைக்கு இருப்பவள், என்னைவிட நான்கைந்து வயது இளையவள். பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவள் பிஸ்கட்டோடு கொடுத்தாள். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அடுப்படியில் வெளிச்சம் விழுந்த குசினியைப் பார்த்ததும், "எங்களுக்கு இந்தத் தளம்தான் சரி, என்னப்பா?" என்று கணவரிடம் சொன்னேன்.

அவள் கேத்திலைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீங்கள் இதிலயோ இருக்கப் போறியள்?"

"ஓம். வடிவான குசினி."

"தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

காரில் ஏறிய பிறகுதான் வீடு காட்டிய ஏஜென்ற் விளக்கினார். "அங்க ஆக்கள் இருக்கிறது ஒரு பிரச்சினையில்லை அக்கா. நீங்கள் கையெழுத்து வைச்சதும் விக்கிறவர் அவைக்கு நோட்டீஸ் குடுப்பார். அறுபது நாளில வீட்டை விட்டு எழும்பவேணும்."

அவர்கள் ஏற்கெனவே வேறு இடம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அதுகூடப் பொய். நான் நினைக்கவே இல்லை. அவளுடைய கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவளை வீட்டை விட்டு எழுப்பிவிட்டு வந்திருக்கிறேன்.

"அப்ப நாங்கள் கீழ பேஸ்மென்றை எடுப்பமே? அது சும்மாதானே கிடக்குது" என்று கணவரைக் கேட்டேன்.

"உமக்கு அந்த ஈரம் ஒத்துக்கொள்ளாது" என்றார். இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

மூன்று வாரம் கழித்து, ஏஜென்றிடம் என் இலக்கம் வாங்கி அவள் எனக்கு ஃபோன் எடுத்தாள். ஏசட்டும், நல்லாய் ஏசட்டும் என்று காதைக் கொடுத்தேன்.

"அக்கா, புது இடத்தில கடிதம் கேக்கினம், நான் வீட்டை எப்பிடி வைச்சிருக்கிறன் எண்டு. இப்பத்தைய ஓனர் ஃபோனே எடுக்கிறாரில்லை. நீங்கள் வந்து பாத்தனீங்கள்தானே. ஒண்டு எழுதித் தருவியளோ?"

எழுதுகிறேன் என்றேன். வீட்டைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பவர், அயலுக்குத் தொல்லையில்லாதவர் என்றெல்லாம் எழுதலாம். ஆனால் ஒரு பயம் வந்தது.

"இவ்வளவு நல்ல ஆளை ஏன் எழுப்புறீங்கள் எண்டு அவை கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா" என்றாள். "உங்களுக்கு இருக்க வீடு வேணும் எண்டு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.