சோலார் இருந்தால் கம்பி இல்லை: நெடுந்தீவில் இரண்டு பயணங்கள்

நெடுந்தீவுக்கு எப்படிப் போவது என்று இந்த வருடம் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, கேட்கத்தானே செய்வார்கள். நான் முதலில் போனது 2004இல், சமாதான காலத்தில். புங்குடுதீவில் ஒரு கலியாணம், முடிந்த பிறகு கையில் ஒரு நாள் மிச்சம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. அந்த வருடம் எங்கு பார்த்தாலும் யாராவது வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால் மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று கடலுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம். அப்போது முப்பது ரூபாய் என்று ஞாபகம். குறிகட்டுவான் துறையில் நயினாதீவு வள்ளத்தில்தான் சனம் அள்ளுப்படும், அம்மனுக்குப் பூவும் தேங்காயுமாக. அது கால் மணி நேரம். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவு நேரமும் எனக்குக் குடலைப் பிரட்டியது. தயவுசெய்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

தீவுக்குள் ட்ராக்டர் பெட்டிதான் பஸ். கல்வேலிகளுக்கு நடுவே குலுங்கிப் போய், தண்ணீர் கேட்கலாம் என்று ஒரு வீட்டு வாசலில் இறங்கினேன். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை, தொப்பி, தோளில் கறுப்புப் பை. உள்ளே ஒரு மனிதர் ஏணியில் நின்று கூரையிலிருந்த சோலார் தகட்டை அவசர அவசரமாகக் கழற்றினார். கீழே நின்ற அவருடைய மனைவி அதை வாங்கிக்கொண்டு ஆட்டுக் கொட்டிலுக்குள் ஓடினார். பிறகு மூச்சு வாங்க வந்து, “வாங்கோ ஐயா, இஞ்ச சோலார் ஒண்டும் இல்லை” என்றார்.

நான் கேட்கவேயில்லை!

“தண்ணி கேக்கத்தான் அக்கா வந்தனான்.”

“அப்ப நீர் கரண்ட் கந்தோர் ஆள் இல்லையோ? அட கோதாரி! என்ர மனுசன் ஏணியால விழப் பாத்தாரே!”

அவர்தான் ரீற்றா அக்கா. கணவர் அருளப்பு அண்ணைக்குக் கடற்றொழில். தகடு ஓர் உதவி நிறுவனம் கொடுத்தது. தீவில் பின்னேரங்களில் மின்சாரத்துக்கு ஒரு டீசல் எஞ்சின் ஓடும், அதன் மின்கம்பி இவர்கள் இருக்கும் சின்ன ஒழுங்கைக்கும் வர இருந்தது. ஆனால் சோலார் உள்ள வீட்டில் ஏற்கெனவே வெளிச்சம் உண்டு, அங்கே கம்பி தேவையில்லை என்பது கரண்ட் கந்தோரின், அதாவது மின்சார அலுவலகத்தின், விதி. அதனால் தொப்பி போட்டவன் யார் வந்தாலும் தகடு கொட்டிலுக்குள் போய்விடும்.

“வெளிச்சத்துக்கு இது காணும் தம்பி. ஆனா இதில ஐஸ் கட்ட ஏலாது,” என்றார் அக்கா. அண்ணை மீனோடு கரைக்கு வருவது பின்னேரம், வியாபாரி வருவது அடுத்த நாள் காலை. ஐஸ் இல்லாத மீன் கருவாடாகி அரை விலைக்குப் போகும். அவருக்கு ஒரு பிரிட்ஜ் வேண்டும், அதற்குக் கம்பி வேண்டும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். டீசல் கப்பலில் வந்து, பிறகு வள்ளத்திலும் வரவேண்டும், வெயில் தானாக வருகிறதே என்று பிரசங்கம் வைத்தேன்.

“வெயிலில கருவாடுதான் தம்பி காயும்,” என்றார். அருளப்பு அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

கடல் கொந்தளித்ததால் பின்னேர வள்ளம் ஓடவில்லை, அங்கேயே தங்கினேன். தகடு மறுபடி கூரைக்கு ஏறியது. பொழுதுபட்டதும் ஒற்றைக் குழல் விளக்குக்குக் கீழே கூழ் குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிட்டார்கள். ரேடியோ பாடியது. அவ்வளவு நிம்மதியாக நான் பிறகு எங்கும் இருந்ததில்லை.

போன மாதம் மறுபடி போனேன். அதே வீடு, கூரையில் தகடு இல்லை. 2005 கடைசியில் கம்பி வந்ததாம். தகட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் இணைப்பு என்றார்களாம், கொடுத்துவிட்டார்கள். பிரிட்ஜும் வாங்கி, சில மாதம் ஐஸ் கட்டி, பச்சை மீன் விற்றிருக்கிறார்கள். அடுத்த வருடம் யுத்தம் திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். டீசல் வருவதும் குறைந்தது. இப்போது எஞ்சின் ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

போகிறவர்கள் அடையாள அட்டை கொண்டு போங்கள், துறையில் கடற்படையினர் பதிவார்கள். கடைசி வள்ளம் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள். டோர்ச்சும் பற்றரியும் கட்டாயம்.

எனக்குச் சாப்பாடு போட ரீற்றா அக்கா பிரிட்ஜைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாகக் கருவாடு. எலி வராதாம்.

“ரெண்டையும் வைச்சிருக்க விட்டிருந்தா ஆருக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்றார். “கொழும்பில இருக்கிறீர், ஒருக்காக் கேட்டுப் பாரும்.”

யாரிடம் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.