கண்ணாடிக் கதவு மார்ட்டி

சிக்னல் பச்சைக்கு மாறிவிட்டது. பின்னால் கார்கள் ஹாரன் அடிக்கின்றன. மார்ட்டியின் டிப்பர் லாரி நகரவில்லை. இடப்பக்கக் கதவை ஒட்டிச் சைக்கிளில் ஓர் இளைஞன் நிற்கிறான். போனில் பாட்டு மாற்றிக்கொண்டிருக்கிறான். மார்ட்டி பொத்தானை அழுத்தி அந்தப் பக்கத்து ஜன்னலை இறக்குகிறார்.

"ஏ பச்ச ஹெல்மெட்டு! இங்க பாரு ராசா. நான் இடப்பக்கம் திரும்பப்போறேன். என்னைப் பாத்தியா?"

திடுக்கிட்டுத் தலையாட்டுகிறான்.

"சும்மா மண்டைய ஆட்டாத. என் லிப்ஸ்டிக் என்ன கலரு, சொல்லு."

"சி... சிவப்பு."

"ம். நீ முதல்ல போ. நான் மெதுவா வர்றேன்."

முழுப்பெயர் மார்த்தீஸ் மிக்காலெஃப். மெல்போர்னின் மேற்கே, துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில், கட்டட வேலைக்குத் தோண்டிய மண்ணை அள்ளிப்போகும் லாரி ஓட்டுகிறார். அறுபது நெருங்குகிறது. குட்டையான உருவம், சாலைக்கு அந்தப்புறமும் கேட்கும் குரல். காலையில் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு, வினிகரும் பழைய செய்தித்தாளும் கொண்டு இடப்பக்கக் கதவின் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்த பிறகுதான் இன்ஜினைத் தொடுவார். மால்ட்டாவிலிருந்து அம்மா கொண்டுவந்த மாதா சிலை வெகுகாலம் முன்கண்ணாடியின் இடது ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஒருநாள் அதைப் பெயர்த்துத் தன் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "கோவிச்சுக்காதம்மா. நீ நிக்கிற இடத்துல ஒரு ஆளே மறைஞ்சிடறான்."

சைக்கிள்காரர்கள் மீது தனிப் பாசம் என்று எதுவும் இல்லை. கறுப்புச் சட்டையில் வருபவர்களை நிறுத்தி வைத்துத் திட்டுவார். தானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பக்கத்து வீட்டு ரோஜாச் செடியில் போய் விழுந்திருக்கிறார். "திமிர் பிடிச்ச பசங்கதான். அதுக்காகச் சக்கரத்துல விட்டு நசுக்கவா முடியும்?"

பழைய வண்டி தேய்ந்துபோனபோது, முதலாளி ஸோரான் புது வண்டியை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். நீண்ட மூக்கும் குரோம் பூச்சும் நாலு படி உயரமுமாக ஒன்றைத்தான் கேட்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மார்ட்டி கேட்டது நகராட்சிக் குப்பை வண்டி மாதிரி தாழ்ந்த கேபின், பாதம்வரை கண்ணாடி வைத்த கதவு.

"ஒனக்குப் பைத்தியமா? அது மண் அள்ற வண்டியா?" என்றார் ஸோரான்.

மார்ட்டி வாதாடவில்லை. ஒரு திங்கட்கிழமை, கணக்குப் பேச வேண்டும் என்று முதலாளியை, லாரிகள் நிறுத்தும் யார்டில், பழைய லாரியின் ஓட்டுநர் சீட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று இறங்கிப் போனார். நேரம் போனது. ஸோரான் போனில் கத்த ஆரம்பித்தார். "எங்கடா தொலைஞ்சீங்க எல்லாரும்? யார்டுல ஒரு ஈ காக்கா காணோம்!"

இடப்பக்கத்திலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். ஸோரான் எழுந்து, எட்டிக் குனிந்து பார்த்தார். யார்டில் வேலை செய்பவர்கள் மொத்தமும், சீட்டிலிருந்து தெரியாதபடி கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் மார்ட்டி, கையில் தட்டுடன், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பஸ்டிட்ஸியைச் சுடச்சுட எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோர் வாயும் நிறைந்திருந்தது.

"சூடு ஆறுது, இறங்கி வா. ஒனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்."

வண்டி வந்தது. கேலியும் கூடவே வந்தது. டோங்கா தீவுக்காரனான சியாவோசி, ஆள் மலை மாதிரி, யார்டிலேயே உயரமான லாரி அவனுடையதுதான். தினமும் மேலிருந்து குனிந்து கேட்பான். "ஆன்ட்டி, வியாழக்கிழம எங்க வீட்டுக் குப்பத் தொட்டிய எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடறேன் கண்ணு. நீ அதுக்குள்ள ஏறி உக்காந்திரு."

கேலியைச் சமாளிக்க முடிந்தது, மழையைத்தான் முடியவில்லை. குளிர்காலச் சேற்றில் தாழ்ந்த வண்டி அடிக்கடி புதைந்தது. இழுத்து வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் சியாவோசியின் வண்டி வர வேண்டியிருந்தது. வசந்தம் வந்ததும் விற்றுவிடுவேன் என்று ஸோரான் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் மட்டும் மார்ட்டி லிப்ஸ்டிக் போட மறந்தார்.

வசந்தம் வந்துபோய்விட்டது. வண்டி இன்னும் மார்ட்டியிடம்தான் இருக்கிறது. விற்கிற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. குளிர்காலக் கடைசியில், ஆகஸ்டில் ஒரு காலை நடந்ததுதான் காரணம்.

தூறல். துறைமுகச் சாலையில் சரக்கு ரயில் பாதை குறுக்கிடும் இடம். துய் என்ற நர்ஸ், மஞ்சள் மழைக்கோட்டுடன், ஆஸ்பத்திரி வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். சிக்னலில், லாரியில் இருந்த மார்ட்டியும் அவளும் கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பச்சை விழுந்தது. துய் முன்னே மிதித்தாள். மார்ட்டி இடப்பக்கம் திரும்பத் தொடங்கினார். ஈரத் தண்டவாளத்தில் சைக்கிள் வழுக்கியது. கதவின் அடிக்கண்ணாடி வழியே ஒரு மஞ்சள் கை சரிந்து தரையில் விழுவது தெரிந்தது. உயரமான வண்டியில் இருந்திருந்தால், அவள் முன்னால் போய்விட்டாள் என்றே தோன்றியிருக்கும்.

மார்ட்டி பிரேக்கில் எழுந்து நின்றார்.

இறங்கி ஓடிப் பார்த்தபோது, சக்கரத்துக்கும் துய்யின் தோளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. கால் சைக்கிளுக்கடியில் சிக்கியிருந்தது, ஒரு மணிக்கட்டு உடைந்து தொங்கியது. வலியைப் பற்றி அவள் பேசவில்லை. அதிர்ந்துகொண்டிருந்த சக்கரத்தையே பார்த்து, "நகருது... வண்டி நகருது..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மார்ட்டி ஓடிப்போய் இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினார். திரும்பி வந்து, தண்ணீர் தேங்கிய தார்ச் சாலையில் மண்டியிட்டு, துய்யின் நல்ல கையில் அதை வைத்தார்.

"இந்தா. இது இல்லாம இந்தச் சனியன் அசையாது. ஒன்கிட்டயே இருக்கட்டும்."

துய்யின் விரல்கள் மூடிக்கொண்டன. மூச்சு சீரானது.

பின்னால் வந்த சியாவோசி இறங்கி ஓடிவந்தான். "ஆன்ட்டி, ரோடே நிக்குது! பின்னால தள்ளி ஒதுக்கிப் போடுங்க!"

"எப்படிடா? சாவி என்கிட்ட இல்லியே."

அவன் குனிந்து பார்த்தான். சக்கரத்தைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், மூடிய கையைப் பார்த்தான். தன் பெரிய மழைக்கோட்டைக் கழற்றி, இரண்டு பெண்களுக்கும் மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹாரன் அடித்தவர்களைத் திரும்பி ஒருமுறை பார்த்தான். அதோடு அடங்கினார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. சைக்கிளை மெல்ல விலக்கித் துய்யை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். ஆம்புலன்ஸ் பையன் அவள் விரல்களைப் பிரித்து, "இது உங்க சாவிதானே?" என்று மார்ட்டியிடம் நீட்டப் போனான்.

"சியாவோசி, ஸோரானுக்குப் போன் போடு. மாத்துச் சாவி எடுத்துட்டு வரச் சொல்லு" என்றார் மார்ட்டி. சாவியைத் துய்யின் உள்ளங்கையிலேயே வைத்து, தன் இரு கைகளாலும் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் திரும்ப மூடிவிட்டார்.