கட்டைவிரலும் முப்பது அட்டைகளும்

இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலை மூக்குக்கு நேரே நீட்டி, சுவரில் குத்தியிருக்கும் அட்டையில் ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற ஆளை மறைத்துப் பார்க்கிறார் அவர். ஓர் அடி பின்னால் வைக்கிறார். இன்னும் ஓர் அடி. ஏழாவது அடியில் முதுகு தண்ணீர் கேனில் இடிக்க வேண்டும், இடித்தது. "இவன் இல்லாட்டி ஒண்ணும் குடி முழுகிடாது" என்கிறார். அத்தோடு அந்த ஆளின் கதை முடிந்தது.

சினிமா மாத இதழ் ஒன்றுக்கு அட்டை வடிவமைப்பது அவருடைய தொழில். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி, அதே கேன். அலுவலகத்தில் முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'கட்டைவிரல்'. அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபம் கிடையாது, உள்ளூரப் பெருமைதான். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார்; எது வேண்டாம் என்றுதான் பார்ப்பார். மனிதர்கள் விஷயத்திலும் அப்படியே. புதிதாக யாராவது எதிரே வந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கட்டைவிரல் தானாக எழும்பும், வந்தவரின் மீசையையோ மூக்குக்கண்ணாடியையோ ஒரு நொடி மறைத்துப் பார்த்துவிட்டு இறங்கும். பேச வந்தவர் பாதியில் மீசையைத் தடவிக்கொள்வார்.

வீட்டிலும் இந்தக் கூத்து உண்டு. கூடத்தில் அவர்களுடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் மணமகளுக்கு வலப்பக்கம் ஒரு பூந்தொட்டி. உண்மையில் அந்த இடத்தில் நின்றவர் மனைவியின் அண்ணன். கல்யாணமாகி மூன்றாம் வருடம், "பேலன்ஸ் இடிக்குது" என்று மச்சானை எடுத்துவிட்டுத் தொட்டியை வைத்தார். பார்த்துவிட்டுப் போன மச்சான் அதற்கப்புறம் வாசற்படி மிதிக்கவில்லை. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் மனைவிக்கு நாக்கில் கொஞ்சம் காரம் உண்டு. "உங்க அண்ணன் எப்படி இருக்காரு?" என்று வருகிறவர்கள் கேட்டால் படத்தைக் காட்டுவார். "இதோ நிக்கறாரே, பூத்துக் குலுங்கிக்கிட்டு." அவர் அதைக் கேட்டும் கேட்காதவராக, மேஜைமேல் இருக்கும் தட்டை விளிம்புக்கு இணையாகத் திருப்பி வைத்துக்கொண்டிருப்பார்.

அவர் அகராதியில் மூச்சுதான் பெரிய வார்த்தை. "அட்டை மூச்சு விடணும்ப்பா." எழுத்து பெரிதாக இருந்தால் மூச்சுத் திணறுகிறது, சிறிதாக இருந்தால் மூச்சே இல்லை. தலைப்பை ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்த்தி ஒரு பிரதி எடுப்பார்; அதைச் சுவரில் குத்தி, கீழ் மூலையில் சிவப்புப் பேனாவால் எண் போட்டு, ஏழு அடி பின்னால் போவார். அரை மணி கழித்து அதே மயிரிழை வலப்பக்கம். இன்னொரு பிரதி, இன்னொரு எண். "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டு அவர் உட்காரும்போது அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர்கள்கூட நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் எந்தப் படத்துக்கு அட்டை போடுகிறாரோ அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை. மறந்துபோய் அல்ல, கொள்கை. "படத்தைப் பாத்தோம்னா கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். நமக்கு வெளியில இருந்து வர்ற கண்ணு வேணும்." இருநூற்றுச் சொச்சம் அட்டைகளில் அவர் பார்த்த படம் ஒன்றே ஒன்று. அதுவும் நீண்ட தூரப் பேருந்தில் போட்டார்கள், இறங்க வழியில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் போன மாதம் அந்தச் சின்னப் படம் மாட்டியது. எடுத்தவர் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்; ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக மூன்று வருடம் எடுத்தார். நடித்தது அவருடைய சொந்த அக்கா. அக்கா நிஜத்திலேயே குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காருகிறவர், காது மந்தம், வலது காதில் கருவி. அவர் ஜன்னலுக்கு வந்து கத்துகிறவர்கள், கெஞ்சுகிறவர்கள், ஒரே ஒரு நாள், அவ்வளவுதான் கதை. பெயர் 'ஏழாம் நம்பர் ஜன்னல்'. ஒரே ஒரு தியேட்டர், காலை பதினொரு மணிக் காட்சி, ஒரு வாரம். அதுவும் பத்திரிகை அட்டையில் படம் வந்தால்தான் போடுவேன் என்று தியேட்டர்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். சுவரொட்டி அடிக்க வழியில்லை. இந்த அட்டையைத்தான் தியேட்டர் வாசலில் ஒட்டப் போகிறார்கள். அட்டையைப் பார்த்து நாலு பேர் உள்ளே வந்தால் உண்டு, இல்லையென்றால் மூன்று வருடமும் அம்போ.

அக்கா அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் வந்த அன்று, டீ குடிக்கப் போகிற அவசரத்தில், அதை அப்படியே எடுத்து மேலே தலைப்பைத் தட்டி ஒரு பிரதி எடுத்துச் சுவரில் குத்திவிட்டுப் போனார். பத்து நிமிட வேலை. எண் 1. டீ குடித்துவிட்டு வந்தபிறகுதான் வேலையை ஆரம்பித்தார்.

நாலாவது பிரதியில் பச்சைச் சுவர் நீலமானது, எட்டாவதில் சாம்பல் நிறம். பன்னிரண்டாவதில் ஜன்னல் கம்பிகள் போயின, "கோடு கோடா இருந்தா கண்ணு ஓடிடும்." பதினேழில் ஜன்னலே போய்விட்டது. இருபத்திரண்டில் வரிசையில் நின்ற கூட்டம் கலைந்தது. ஒன்பது நாள் பாடுபட்டு முப்பதாவது பிரதிக்கு வந்தபோது, சாம்பல் நிற வெட்டவெளியில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முகத்துக்குப் பூசும் கிரீம் விளம்பரத்துக்குக் கேட்டால் யோசிக்காமல் கொடுக்கலாம். அவருக்கோ கண் கலங்கிவிட்டது. இதழின் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க. இதுல ஒரு மௌனம் இருக்கு." ஆசிரியர் நல்ல மனுஷர், வம்புக்குப் போகாதவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "படம் எடுத்த அம்மாவும் ஒரு பார்வை பாத்துடட்டும்ப்பா" என்று நழுவினார்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு அக்காவும் தங்கையும் வந்தார்கள். ஐந்து மணிக்கு அட்டை அச்சகத்தில் இருக்க வேண்டும். "அஞ்சுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வேற வேலையை ஏத்திடுவேண்ணே, அப்புறம் அடுத்த மாசம்தான்" என்று அச்சகத்துக்காரர் காலையிலேயே போனில் எச்சரித்திருந்தார். அக்கா முடியைத் தூக்கிக் கட்டியிருந்தார். காதுக்குப் பின்னால் கருவியும் அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய குழலும் பளிச்சென்று தெரிந்தன. வந்தவர்களை வணங்கிய கையோடு நம்மவரின் கட்டைவிரல் எழும்பி, அந்தக் காதை ஒரு நொடி மறைத்துவிட்டு இறங்கியது.

அவருக்கு ஒரு பழக்கம், விளக்கம் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். அன்றும் இருவருக்கும் முதுகைக் காட்டியபடி வெறுமையைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் ஐந்து நிமிடம் வெளுத்து வாங்கினார்.

"சார், கொஞ்சம் திரும்பிச் சொல்லுங்க" என்றார் அக்கா. "எனக்கு வாயைப் பாத்தாத்தான் புரியும்."

திரும்பி முதலிலிருந்து சொன்னார். தங்கை முப்பதாவது அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, வெகுநேரம் எதையோ தேடினார்.

"காதுல இருந்தது எங்க சார்?"

"அதுவாம்மா? வயர் மாதிரி ஏதோ தொங்கிச்சு. தூசி விழுந்திருக்குன்னு நெனச்சேன். இருபத்தாறாவதுலயே எடுத்துட்டேன்."

"படத்தோட லிங்க் அனுப்பிச்சிருந்தேனே. பாக்கலையா?"

"நான் படம் பாக்கறதில்லம்மா. பாத்தா கை கட்டுப்பட்டுடும்."

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் காதில் பேச்சு விழவில்லை என்றாலும் அவர் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். புகார் ஜன்னலில் எத்தனையோ பேரைப் பார்த்த நிதானம், குரலை உயர்த்தவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா முடியை இறக்கிவிட்டு இதை மறைச்சேன் சார். பொண்ணு பாக்க வந்தவங்க கிட்ட மறைச்சேன், ஆபீஸ்ல மறைச்சேன். இவ மூணு மாசம் கெஞ்சினா. அப்புறம்தான் தூக்கிக் கட்டிக்கிட்டு கேமரா முன்னாடி உக்காந்தேன்." முப்பதாவது அட்டையில் அந்தக் காதைக் காட்டினார். "நீங்க எவ்வளவு நேரத்துல எடுத்தீங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "ரெண்டு நிமிஷம்மா" என்றார்.

அவருக்கும் உள்ளே ஏதோ சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பத்தொன்பது வருடப் பழக்கம் அதைவிட வேகமாக ஓடிவந்துவிட்டது. "திரும்ப வெச்சிடலாம்மா, பெரிய விஷயமில்ல. ஆனா ஒரு காதுல மட்டும் இருந்தா ஒரு பக்கமா இழுக்கும். அந்தக் காதுலயும் ஒண்ணு வெச்சிட்டா சமமா இருக்கும்." ஆசிரியர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அக்கா சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார், முப்பதிலிருந்து பின்னோக்கி. இருபத்தைந்தில் காதில் கருவி திரும்ப வந்தது. இருபத்தொன்றில் வரிசை நின்றது. அதில் தினமும் வந்து சண்டை போடும் ஓய்வுபெற்ற தபால்காரரும் இருந்தார். பதினாறில் ஜன்னல் வந்தது, பதினொன்றில் கம்பிகள். கன்னத்துச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. சுவர் பச்சையாயிற்று. சுவரின் கோடியில், டீக்கு முன்னால் குத்திய பிரதியின்மேல் விரல் வைத்தார்.

"இதுதான் நான்."

"அது டிசைனே இல்லம்மா" என்று பதறினார் நம்மவர். "சும்மா போட்டோ. தலைப்பு எங்க வரும்னு பாக்கறதுக்காகத் தட்டி வெச்சது. அதுல நான் ஒண்ணுமே பண்ணல."

ஆசிரியர் வாழ்க்கையில் முதல் தடவையாக வம்புக்குப் போனார். "அதையே அனுப்புப்பா" என்றார். மணி நாலு ஐம்பதுக்கு எண் 1 அச்சகத்துக்குப் போனது. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்குமுன் நம்மவர் கடைசியாக ஒரு தடவை கட்டைவிரலை உயர்த்திப் பார்த்தார். ஆசிரியர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். புறப்படும்போது அக்கா பைக்குள் கைவிட்டு இரண்டு டிக்கெட் எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார். "வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க சார்."

அட்டை வெளிவந்தது. தியேட்டர் வாசலில் அதைக் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் முப்பது பேர், மூன்றாம் நாள் பாதி அரங்கம். வாசலில் அக்கா முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். காதில் கருவி வைத்த ஒரு பெரியவர் அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாராம். தியேட்டர்காரர் இன்னொரு வாரம் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

பாராட்டு எல்லாம் கட்டைவிரலுக்கு வந்து குவிந்தது. அட்டையில் பெயர் அவருடையதுதானே. இன்னொரு பத்திரிகையில் அட்டை போடுகிறவர் போனில் உருகினார். "ஒண்ணுமே பண்ணாத மாதிரி பண்ணியிருக்கீங்களேண்ணே. இதுக்கெல்லாம் எத்தனை தடவை மாத்துவீங்க?" நம்மவர் கொஞ்சம் இடைவெளி விட்டார். "அது லேசுல வந்துடாதுப்பா. எடுத்து எடுத்துப் பாக்கணும். இதுக்கு மேல எடுக்க ஒண்ணுமில்லங்கற இடத்துல நிறுத்தணும்." பக்கத்து மேஜையில் ஆசிரியருக்குப் புரையேறியது.

வீட்டில் மனைவி இதழைக் கையில் வாங்கி அட்டையை நன்றாகப் பார்த்தார். "பரவால்லயே, இந்தம்மா தப்பிச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கல்யாணப் படத்தைத் துடைக்கப் போனார். பூந்தொட்டியை மட்டும் இரண்டு தடவை துடைத்தார். அவர் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

இரண்டு டிக்கெட்டும் இன்னும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கின்றன. விளிம்புக்கு இணையாக, நடுவில் ஒரு விரல் இடைவெளியோடு, நேர்த்தியாக வைத்திருக்கிறார். ஓரம் கிழியவில்லை. காட்சி நாள் தாண்டிவிட்டது.

நேற்று வடிவமைப்புக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். ஓர் அட்டை படிப்படியாக எப்படி உருவாகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட வேண்டும், அந்தச் சுவரைப் பார்க்க வியாழக்கிழமை வரலாமா என்று கேட்டார். "தாராளமா வாங்க" என்றார் அவர். போனை வைத்துவிட்டுச் சுவருக்கு எதிரே போய் நின்றார். இடது கண்ணை மூடினார். கட்டைவிரலை நீட்டி, வரிசையின் முதல் ஆளாக இருந்த அந்த அட்டையை மறைத்துப் பார்த்தார். பிறகு சுவரோரம் போய் அதன் குண்டூசியைப் பிடுங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு மறுகோடிக்கு நடந்து, முப்பதாவதுக்கு அடுத்ததாகக் குத்தினார். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். கீழ் மூலையில் இருந்த 1-க்கு முன்னால், மூச்சு விடக் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு 3 போட்டார்.