அரிசி டின்னில் வைத்த ஆப்பிள்

பழ வியாபாரத்தில் விற்கிறவள் வாயும் ஒரு தராசுதான். அதுவே வீங்கிப் போனால் யாரிடம் போய் முறையிடுவது, நீங்களே சொல்லுங்கள்!

தின்று காட்டு

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயம், அங்கே காஜா பெராங் வட்டாரத்தில் என் வீட்டுக்காரருக்குப் பழக்கடை. எங்கள் பக்கத்து ஆட்கள் லேசில் நம்ப மாட்டார்கள். பழத்தை வெட்டி, விற்கிறவள் ஒரு துண்டு தின்ற பிறகுதான் வாங்குவார்கள். புதுப்பெண்ணான எனக்கு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விற்பதில் அப்படியொரு பெருமை.

ஒருநாள், கடையில் ரொம்ப நாளாகக் கிடந்த ஆஸ்திரேலியா ஆப்பிளைத் தின்று காட்டினேன். உதடு தடித்து, தொண்டைவரை ஒரே அரிப்பு. கைக்குழந்தையோடு வாங்க வந்து நின்ற ஒரு அம்மா பழத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: “விக்கிறவளுக்கே ஆகலே, எம் புள்ளைக்கு எப்படிக் குடுக்கிறது?”

அவர் கண்ட வைத்தியம்

காய் அன்னாசி நாக்கை அரிக்கும். மாங்காய்ப் பால் பட்டால் உதடு புண்ணாகும். பழுத்தால் அந்தத் தொல்லை குறையும். பழக்காரர்களுக்கு இது பாலபாடம். அதே கணக்கில் என் வீட்டுக்காரர் இருப்பதிலேயே நல்ல ஆப்பிளாகப் பொறுக்கி, மாங்காயைப் போல அரிசி டின்னில் புதைத்து வைத்தார்.

வாரக்கணக்கில் வைத்திருந்து ஆசையாக எடுத்துக் கொடுத்தார். கமகமவென்று மணம். கடித்தேனோ இல்லையோ, போன தடவையைவிட மோசம். கண்கூடத் திறக்க முடியவில்லை. பாவம் மனுஷன், என் முகத்தைப் பார்த்துக் கலங்கிப்போய்ச் சொன்னார்: “இன்னும் காயாத்தான் இருக்கும்மா. அடுத்ததைக் கூடக் கொஞ்ச நாள் வச்சுத் தர்றேன்.”

பின்கட்டு

ஊர் வாய் சும்மா இருக்குமா? எங்கள் பழத்தில் ஏதோ விஷம் என்று பேச்சுக் கிளம்பியது. வியாபாரம் படுத்தது. வேறு வழியில்லாமல் அவர் முன்கடையில் நாத்தனாரை உட்கார வைத்துவிட்டு, என்னைப் பின்கட்டில் பெட்டி பிரிக்கச் சொன்னார். அழுகை அழுகையாக வந்தது.

ஒருநாள் கப்பலில் புதிதாக வந்த பெட்டியைப் பிரித்தபோது, யோசிக்காமல் ஒரு ஆப்பிளைக் கடித்துவிட்டேன். ஐயோ என்று வாயைத் தொட்டுப் பார்த்தால், வீக்கமே இல்லை! நாக்கு நுனியில் லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். வைக்க வைக்கத்தான் எனக்கு ஆகாமல் போயிருக்கிறது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். தராசைக் கீழே வைத்துவிட்டு அவர் கேட்டார்: “அப்போ ஆசை ஆசையா வச்சு வச்சு நாந்தானா உன்னை வதைச்சேன்?”

கெட்ட பேர் போகவேயில்லை. பெட்டி பிரித்த அன்றே தின்ன வேண்டியதை, கனியட்டும் கனியட்டும் என்று வைத்தே அவர் பக்கத்து நாற்காலியை நான் தொலைத்தேன்.