தேன்மெழுகு வைத்த குவளை

மிளகு பறிக்க ஏறிய பலா மரத்திலிருந்து என் வீட்டுக்காரர் விழுந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம். தூளி கட்டி, மலையிறங்கிப் புளியஞ்சோலை வழியாகத் துறையூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுவிட்டது, கைகால் இனி வராது என்று ஒரு மாதத்தில் திருப்பி அனுப்பினார்கள். உடம்பில் உணர்ச்சி மட்டும் மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

படுத்தபடியே இருப்பவருக்கு டம்ளரில் கொடுத்தால் பாதி காதுக்குள் போனது. என் அண்ணன் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் குவளை வாங்கி வந்தார். அப்போது அது எங்கள் மலைக்குப் புதிது. காய்ச்சிய கம்பியால் அதில் ஓட்டை போட்டு, பழைய பேனாக் கூட்டை மூக்காகச் செருகினேன். இடுக்கில் ஒழுகியது.

சைக்கிள் டியூப் ஒட்டும் சொல்யூஷனை அண்ணன் கொண்டுவந்தார். "ரெண்டு நா காய்ஞ்சா வாசம் போயிரும் கண்ணு."

நான்கு நாள் காயவைத்தும் தண்ணீரில் பெட்ரோல் நெடி அடித்தது. முதலில் நானே குடித்துப் பார்த்தேன். தொண்டை எரிந்தது.

"எனக்கென்ன புள்ள, ஊத்து. இதுக்கு மேல என்ன ஆயிரப்போவுது?" என்றார் அவர்.

வெளியே போய்க் கொட்டிவிட்டு அழுதேன்.

அரிவாள் பிடிக்கு வைக்கும் அரக்கைக் கேட்டுப் போனேன். "என்னென்னமோ கலந்ததுங்க, வாயில வெக்க ஆவாதுங்க" என்று கொல்லர் தடுத்துவிட்டார். கடைசியில் தேன்மெழுகு. தேனடையோடு மென்று தின்பதுதானே. உருக்கி, வடிகட்டி, இடுக்கில் பூசினேன். ஒழுகவில்லை. ஆனால் சூடு பட்டால் இளகிவிடும். ஆறிய கஞ்சியும் பச்சைத் தண்ணீரும்தான் ஊற்ற முடிந்தது.

மார்கழியில் ஒரு காலை, "ஒரு வாய் சூடா காப்பி குடுக்கறயா?" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். ஊற்றினேன். இரண்டு மடக்கு குடித்தார், முகம் மலர்ந்தது. அதற்குள் மூக்கு கழன்று, காப்பி முழுதும் மார்பில் கொட்டியது. தோல் சிவந்து கன்றியது.

"ஏன் புள்ள நிறுத்திட்ட?" என்றார்.

"கொட்டிப்போச்சுங்க."

"எங்க?"

"துணி மேலதாங்க" என்றேன். என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதன்பின் தினமும் கரண்டியால் சூடான காப்பி கொடுத்தேன். மாசி பிறக்குமுன் போய்விட்டார். குளிப்பாட்டும்போது, எங்கள் மலையிலேயே உள்ள பைல் நாட்டிலிருந்து வந்த அவருடைய அக்கா, ஆறாத அந்தப் புண்ணைப் பார்த்தார்.

"போன வாரம் வந்தப்பக்கூட வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலயே, சாமி" என்று அழுதார்.

நான் புண்ணில் படாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.